750 பவுண்டு கில்ட்: அந்த விலைக்குத் தகுமா?

கிளாஸ்கோவில் ஆறு ஆண்டுகளாக வேலை பார்க்கும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. உடன் பணிபுரியும் ஸ்காட்லாந்து நண்பரின் திருமணம் வரும் கோடையில் நடக்கவிருக்கிறது. மாப்பிள்ளைத் தோழர்களில் ஒருவராக இவரும் நிற்க வேண்டும். தோழர்கள் அனைவரும் கில்ட், அதாவது ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் கட்டும் கொசுவம் வைத்த முழங்கால் அளவு உடை, அணியப் போகிறார்கள். அளவெடுத்துத் தைத்துத் தரும் கடையில் எட்டு கெஜக் கம்பளிக் கில்ட்டுக்கு 750 பவுண்டு சொல்லியிருக்கிறார்கள். அதே பெயர் போட்டு இணையத்தில் 45 பவுண்டுக்கும் ஒன்று கிடைக்கிறது. பதினாறு மடங்குக்கு மேல் விலை வைக்கும் அளவுக்கு அதில் என்னதான் இருக்கிறது, வாங்கலாமா, வேண்டாமா என்பது கேள்வி.

எடின்பரோவில் ஒரு தையற்கூடத்தில் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். அங்கே நான் புதிய கில்ட் தைத்ததைவிட, பழைய கில்ட்டுகளைப் பிரித்து இடுப்பைப் பெரிதாக்கித் தந்ததே அதிகம். பிரித்துப் பார்த்தவனுக்குத்தான் உள்ளே இருப்பது தெரியும். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 750 பவுண்டு என்பது ஏமாற்று விலை அல்ல, உள்ளே போயிருக்கும் துணிக்கும் உழைப்புக்கும் அது நியாயமான விலைதான். ஆனால் ஒரே ஒரு திருமணத்துக்காக நீங்கள் அதை இப்போது வாங்க வேண்டியதில்லை. இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் போலத் தோன்றலாம். விலை நியாயமா என்பது தைத்தவரைப் பற்றிய கேள்வி, வாங்குவது நியாயமா என்பது உங்கள் இடுப்பையும் நாட்காட்டியையும் பற்றிய கேள்வி.

முதலில் அந்த 750 எங்கே போகிறது என்று பார்ப்போம். பிரிட்டனில் பெரியவர்களின் உடைக்கு 20 சதவீத மதிப்புக் கூட்டு வரி உண்டு. அது விலைக்குள்ளேயே அடங்கியிருக்கும். 750 பவுண்டில் 125 பவுண்டு அப்படியே அரசுக்குப் போய்விடுகிறது. டார்ட்டன் எனப்படும் கட்டம் போட்ட நல்ல கம்பளித் துணி சில்லறை விலையில் மீட்டருக்கு அறுபது எழுபது பவுண்டுக்குக் குறையாது. எட்டு கெஜக் கில்ட்டுக்கு, நெடுக இரண்டாக வெட்டி இணைக்கும் இரட்டை அகலத் துணியில் நான்கு கெஜம், அதாவது மூன்றரை மீட்டருக்குச் சற்று அதிகம் தேவைப்படும் என்பதால், துணிக்கு மட்டும் ஏறத்தாழ 240 பவுண்டு. கடைக்காரர் ஆலையில் இதைவிடக் குறைத்து வாங்குவார் என்பது உண்மைதான். ஆனால் வீணாகும் துணியும் இருப்பு வைக்கும் செலவும் அதில் பாதியைத் தின்றுவிடும். கை தேர்ந்த ஒருவர் முழுவதும் கையால் தைக்க இருபது மணி நேரமாவது ஆகும். 2025 ஏப்ரலில் பிரிட்டனின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டாக இருந்தது. அந்த அடிமட்டக் கூலியைக் கொடுத்தாலே 244 பவுண்டு வந்துவிடுகிறது. இம்மூன்றையும் கூட்டினால் 609. மீதமுள்ள 141 பவுண்டில் தோல் வார், பக்கிள், லைனிங் துணி, கடை வாடகை, அளவெடுப்பவரின் நேரம், முதலாளியின் லாபம் அனைத்தும் அடங்க வேண்டும். இதில் கொள்ளை லாபம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. ஆண்டுக்கணக்கில் பழகிய ஒரு கைத்தொழிலாளிக்கு அடிமட்டக் கூலி போட்டுத்தான் இந்தக் கணக்கே சரிக்கட்டி வருகிறது என்பதுதான் என்னை உறுத்துவது. கில்ட் தைக்கும் தொழிலை அழியும் அபாயத்தில் உள்ள கைத்தொழில்களின் பட்டியலில் 2021இல் பிரிட்டனில் சேர்த்தார்கள். இளையவர்கள் ஏன் இந்த வேலைக்கு வருவதில்லை என்பதற்கு மேலே சொன்ன கணக்கே பதில்.

இனி துணிக்கு வருகிறேன். நல்ல கில்ட்டுக்குரிய துணி, நீண்ட இழைகளைச் சீவி எடுத்து இறுக்கமாக முறுக்கிய கம்பளி நூலில், சாய்கோடு விழும் டுவில் நெசவில் நெய்யப்படுவது. செல்கர்க்கில் உள்ள லோக்கரன், பெர்த்தில் உள்ள ஹவுஸ் ஆஃப் எட்கர், இங்கிலாந்தின் யார்க்‌ஷையரில் உள்ள மார்ட்டன் மில்ஸ் போன்றவை இந்தத் தொழிலில் உள்ளவர்கள் அன்றாடம் சொல்லும் பெயர்கள். துணியின் கனத்தை அவுன்ஸில் சொல்வார்கள்: 10 அல்லது 11 அவுன்ஸ் இலகு ரகம், 13 நடுத்தரம், 16 கன ரகம். இரட்டை அகலத்தில் ஒரு கெஜத்தின் எடை அது. 16 அவுன்ஸ் ரகத்தில் நான்கு கெஜம் என்றால் துணி மட்டுமே 1.8 கிலோ. கேட்டால் மலைப்பாக இருக்கும். இடுப்பில் கட்டி நடந்து பார்த்தால் அந்தக் கனத்துக்குத்தான் காசு கொடுத்தோம் என்பது புரியும். கொசுவங்கள் ஒவ்வோர் அடிக்கும் ஒருசேர விரிந்து, நின்றதும் தாமாகவே பழைய இடத்துக்கு வந்து விழுவது எடையால்தான். இலகுத் துணியில் அந்த வீச்சு வராது, காற்றடித்தால் மானமும் போகும்.

பலரும் கவனிக்காத இன்னொரு நுட்பம் கீழ் ஓரம். பாரம்பரியக் கில்ட்டின் அடியில் மடித்துத் தைத்த தையல் இருக்காது. நம் வேட்டிக்குக் கரை நெசவிலேயே முடிவது போல, இந்தத் துணிக்கும் கரை தறியிலேயே உறுதியாக முடிக்கப்பட்டு, அந்தக் கரையே முழங்கால் நடுவில் வந்து நிற்கும். அப்படி நெய்யப்பட்ட துணியைத் தேடி வாங்க வேண்டியிருப்பதும் விலைக்கு ஒரு காரணம். அடி ஓரத்தை மடித்துத் தைத்தால் ஒவ்வொரு கொசுவத்தின் அடியிலும் துணி இரட்டிப்பாகித் தடித்து, விழும் அழகு கெட்டுவிடும். அதனால்தான் கில்ட்டின் நீளத்தைத் தொடக்கத்திலேயே சரியாக எடுக்க வேண்டும். பிறகு கீழே வெட்டிக் குறைக்க வழியில்லை.

எட்டு கெஜம் எதற்கு என்று பலர் கேட்பதுண்டு. டார்ட்டனில் கட்டங்கள் ஒரு முழுச் சுற்று முடிந்து மறுபடி தொடங்கும் அளவை செட் என்பார்கள். செட் 8 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்பக்கத்தில் 27 கொசுவங்கள் வைப்பதானால், ஒவ்வொரு கொசுவமும் ஒரு செட்டை விழுங்கும். 27 எட்டு 216 அங்குலம். முன்னால் ஒன்றன்மேல் ஒன்றாக வரும் இரண்டு தட்டையான ஏப்ரன் பகுதிகளுக்கு 21 அங்குலம் வீதம் 42. பக்கவாட்டில் வரும் ஆழமான மடிப்புக்கும் ஓரங்களுக்கும் ஒரு 30. கூட்டினால் 288 அங்குலம், அதாவது எட்டு கெஜம். வெளியே தெரிவது ஒவ்வொரு கொசுவத்திலும் முக்கால் அங்குலம்தான், மீதி ஏழேகால் அங்குலமும் உள்ளே மடிந்து மறைந்திருக்கும். பார்க்கிறவர் கண்ணுக்குத் துணி மடிக்கப்பட்டதே தெரியாதபடி, பின்பக்கத்திலும் கட்டங்கள் முன்பக்கம் போலவே தொடர்ந்து வர வேண்டும். இதை செட்டுக்கு மடிப்பது என்பார்கள். ஒரே கோடு ஒவ்வொரு கொசுவத்தின் நடுவிலும் வரும்படி மடிப்பது பட்டாள முறை. செட் சிறியதாக இருந்தால் ஏழு கெஜத்திலேயே வேலை முடிந்துவிடும் என்பதால், எட்டு என்ற எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு தரத்தை எடைபோட வேண்டாம்.

இப்போது கொஞ்சம் கிட்டே வந்து பாருங்கள். மேசைவிளக்கின் கீழ் ஒரு நல்ல கில்ட்டைப் புரட்டிப் போட்டு, லைனிங்கைப் பிரித்தால், பின்பக்கத்து மேற்பகுதியில் இடுப்பெலும்பிலிருந்து இடை வரை சுமார் எட்டு அங்குலத்துக்கு ஒவ்வொரு கொசுவமும் பக்கத்துக் கொசுவத்தோடு கையால் தைக்கப்பட்டிருப்பதைக் காணலாம். மேலிருந்து பார்த்தால் தையல் தெரியாது. விரல் நகத்தால் மடிப்பை நெருடினால் மட்டும் ஊசி புகுந்த இடம் சிறு குழியாகத் தட்டுப்படும். 27 கொசுவம், எட்டு அங்குலம், அங்குலத்துக்கு எட்டுப் பத்துத் தையல் என்றால் இந்த ஒரு பகுதிக்கே ஏறத்தாழ 2,000 தையல்கள். அதிலும் நேர்கோட்டில் தைத்தால் போதாது. ஒருவருடைய பின்பக்கச் சுற்றளவு இடுப்பெலும்பில் 21 அங்குலம், இடையில் 17 என்றால், குறைய வேண்டிய நான்கு அங்குலத்தை 27 கொசுவங்களுக்கும் பங்கிட வேண்டும். கொசுவம் ஒன்றுக்கு நான்கு மில்லிமீட்டர்கூட வராது. அந்த நான்கு மில்லிமீட்டரை எட்டு அங்குல நீளத்தில் மெல்ல மெல்லக் குறுக்கிக்கொண்டே போக வேண்டும். அப்படிக் குறுக்கும்போதும் குறுக்குக் கோடுகள் ஒரு கொசுவத்திலிருந்து அடுத்ததற்கு ஓர் இழைகூட ஏறி இறங்காமல் நேராக ஓட வேண்டும். கொசுவத்துக்கு அரை மில்லிமீட்டர் வீதம் பிசகினால், 27ஆவது கொசுவத்துக்கு வரும்போது அரை அங்குலம் பிசகியிருக்கும். எங்கள் கூடத்தில் மூத்த அம்மையார் ஒருவர், புதிதாக வந்தவர்கள் தைத்ததைக் கண்ணாடிகூடப் போடாமல் பெருவிரலால் ஒருமுறை தடவிவிட்டு, பத்தொன்பதாவதைப் பிரி என்பார். பிரித்துத்தான் தைப்பார்கள், எதிர்த்துப் பேசி யாரும் ஜெயித்ததில்லை.

அதற்கும் உள்ளே, மறைந்திருக்கும் மடிப்புகளில் தேவையற்ற துணியை மேற்பகுதியில் வெட்டி எடுத்துவிட்டு, மீதியின் எடை மேல்துணியை இழுத்துவிடாதபடி இரண்டு வரிசை தாங்குதையல் போட்டு, அதன் மேல் கேன்வாஸ் வைத்துக் கட்டியிருப்பார்கள். வார்களும் பக்கிள்களும் இழுக்கும் விசை மெல்லிய கம்பளியில் விழாமல் இந்தக் கேன்வாஸில் விழும். நாற்பது ஆண்டு கழித்தும் ஒரு கில்ட் உருக்குலையாமல் இருக்கிறது என்றால் யார் கண்ணுக்கும் படாத இந்த எலும்புக்கூட்டால்தான். புடவைக் கொசுவத்தை நாம் உடுத்தும்போதெல்லாம் புதிதாக வைக்கிறோம். கில்ட்டில் ஒருமுறை வைத்த கொசுவம் ஆயுளுக்கும் நிற்க வேண்டும்.

45 பவுண்டுக் கில்ட்டில் இவை எதுவும் இருக்காது. அக்ரிலிக் அல்லது பாலியஸ்டர் கலந்த விஸ்கோஸ் துணி, இயந்திரத் தையல், அழுத்தி இஸ்திரி போட்டுப் பிடித்த கொசுவம், மடித்துத் தைத்த அடி ஓரம். இவற்றில் பெரும்பகுதி பாகிஸ்தானின் சியால்கோட்டிலிருந்து வருகிறது. பேக்பைப் முதல் டிரம் வரை ஸ்காட்லாந்து வாத்தியங்களையும் உடைகளையும் ஏற்றுமதி செய்து பழகிய ஊர் அது. அந்த ஊர்த் தொழிலாளிகளின் திறமையைக் குறை சொல்ல மாட்டேன். கொடுக்கும் காசுக்கு ஏற்ற பொருளைத்தான் அவர்கள் தைக்கிறார்கள். கால்பந்து ஆட்டம் பார்க்கப் போகவும், மழையில் நனையும் இசைவிழாவுக்கும், பீர் கொட்டினால் கவலைப்படாமல் இருக்கவும் அதுவே போதும். அதைப் போட்டுக்கொண்டு திருமணத்தில் தோழராக நின்றால் மட்டும், கம்பளிக் கில்ட் அணிந்த நால்வருக்கு நடுவே நீங்கள் தனியாகத் தெரிவீர்கள். புகைப்படத்தில் இன்னும் நன்றாகத் தெரிவீர்கள்.

என் எச்சரிக்கையெல்லாம் நடுவிலுள்ள 200 முதல் 350 பவுண்டு ரகத்தைப் பற்றியது. அந்த விலையில் நேர்மையான பொருளும் உண்டு: ஐந்து கெஜத்தில், இயந்திரத் தையலில், நல்ல கம்பளியில் தைத்துவிட்டு, அப்படியே சொல்லியும் விற்பார்கள். சிக்கல், அப்படிச் சொல்லாமல் விற்பவர்களிடம்தான். சுற்றுலாப் பயணிகள் மொய்க்கும் தெருவில் 320 பவுண்டுக்கு வாங்கிய கில்ட்டை ஓர் இளைஞர் இடுப்பைத் தளர்த்தித் தரும்படி என்னிடம் கொண்டுவந்தார். கடையின் பெயர் வேண்டாம். கையால் தைத்தது என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். லைனிங்கைப் பிரித்தேன்: கேன்வாஸ் இருக்க வேண்டிய இடத்தில் பசை தடவி ஒட்டும் மெல்லிய காகிதத் துணி இருந்தது, ஈரமாகி உரிந்துகொண்டிருந்தது. கொசுவங்கள் இயந்திரத்தில் தைக்கப்பட்டு, பக்கிள் மட்டும் கையால் தைக்கப்பட்டிருந்தது. கையால் தைத்தது என்று அவர்கள் சொன்னது அந்தப் பக்கிளைத்தான் போலும். தளர்த்துவதற்கு உள்ளே மிச்சத் துணியே விடவில்லை. வேலைக்குக் கூலி வாங்காமல் திருப்பித் தந்துவிட்டேன். 45 பவுண்டுக்கு வாங்கியவர் என்ன வாங்கினோம் என்று தெரிந்து வாங்குகிறார், அவர் ஏமாறுவதில்லை.

பாரம்பரியம் என்ற சொல்லையும் கொஞ்சம் பிரித்துப் பார்த்துவிடுவது நல்லது, ஏனென்றால் விலைப்பட்டியலில் அதுவும் ஒரு பொருளாகவே விற்கப்படுகிறது. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்தின் மலைநாட்டார் அணிந்த பெரிய கில்ட்டில் தையலே கிடையாது. பல கெஜக் கம்பளித் துணியை இடுப்பில் கொசுவி வாரால் கட்டி, மீதியைத் தோள் மேல் போட்டுக்கொள்வார்கள். நம் பெண்களுக்கு விளக்கவே தேவையில்லாத உடை அது. மேற்பகுதி நீங்கி இடுப்புக்குக் கீழே மட்டும் நிற்கும் சிறிய கில்ட் 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பரவியது. அரியணை இழந்த ஸ்டூவர்ட் வம்சத்துக்காகக் கிளர்ந்தெழுந்த யாக்கோபைட்டுகள் கலோடன் போரில் தோற்ற 1746ஆம் ஆண்டிலேயே மலைநாட்டு உடையைத் தடை செய்து சட்டம் வந்தது: முதல்முறை பிடிபட்டால் ஆறு மாதச் சிறை, இரண்டாம் முறை ஏழு ஆண்டு நாடு கடத்தல். அரசுப் படையில் இருந்தவர்களுக்கு மட்டும் விலக்கு. 1782இல் தடை நீங்கியது. 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது நாவலாசிரியர் சர் வால்டர் ஸ்காட் முன்னின்று நடத்திய வரவேற்பில்தான் இந்த உடை தேசம் முழுமைக்கும் உரிய விழா உடையாக மேடையேறியது. கொசுவங்களைத் தைத்து நிறுத்திய கில்ட்டுகள் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றியபோது அவற்றுக்கு நான்கு கெஜம் அளவில்தான் துணி போனது. இன்று கடைகளில் பாரம்பரியம் என்று சொல்லப்படும் எட்டு கெஜமும் கத்திமுனை போன்ற நெருக்கமான கொசுவங்களும் 19ஆம் நூற்றாண்டில் படிப்படியாக வந்து சேர்ந்தவை. ஆகையால் எட்டு கெஜத்துக்குக் குறைந்தால் அசல் இல்லை என்று ஒரு விற்பனையாளர் சொன்னால், சிரித்துவிட்டு மேலே பேசுங்கள். அதற்கு விலை அது விழும் அழகுக்கும் உழைக்கும் காலத்துக்கும்தான், பழமைக்கு அல்ல.

அப்படியானால் யார் வாங்க வேண்டும்? ஆண்டுக்கு நான்கு முறையாவது அணிய வாய்ப்புள்ளவர், இந்த நாட்டிலேயே நிலைத்துவிட்டவர், உடல்வாகு ஓரளவு நின்றுவிட்டவர். ஆண்டுக்கு நான்கு முறை வீதம் 25 ஆண்டுகள் என்றால் நூறு முறை. ஒரு முறைக்கு ஏழரைப் பவுண்டு. இந்தக் கணக்கைக் கடைக்காரர்களும் சொல்வார்கள், கணக்கில் தப்பில்லை. ஆனால் என்னிடம் திருத்தத்துக்கு வந்த கில்ட்டுகளில் பாதி, பத்து ஆண்டுகளில் ஐந்தாறு முறைதான் அலமாரியை விட்டு வெளியே வந்தவை. இங்கே ஊறியவர்களுக்குத் திருமணம், புத்தாண்டு இரவு, கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் நினைவாக ஜனவரி 25இல் வரும் பர்ன்ஸ் விருந்து, பட்டமளிப்பு என்று சந்தர்ப்பங்கள் வந்துகொண்டே இருக்கும். வந்து ஆறு ஆண்டான உங்களுக்கு எத்தனை அழைப்புகள் வந்தன என்று எண்ணிப் பாருங்கள். நம்மவர் வீட்டு விசேஷங்களுக்கு நீங்கள் பட்டு வேட்டிதான் கட்டப் போகிறீர்கள்.

இடுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். நன்றாகத் தைத்த கில்ட்டில் வாரையும் பக்கிளையும் இடம் மாற்றியே இரண்டு அங்குலம் வரை கூட்டிக் குறைக்கலாம். அதற்கு மேல் போனால் கொசுவங்களைப் பிரித்து மறுபடி தைக்க வேண்டும். அது பாதிக் கில்ட் தைப்பதற்குச் சமமான வேலை. முப்பது வயதில் தைத்துக்கொண்டு நாற்பதில் நாலு அங்குலம் கூடியவர்கள் என் வாடிக்கையாளர்களில் ஏராளம். ஊருக்கே திரும்பிவிடும் எண்ணம் இருந்தால் இன்னும் யோசிக்க வேண்டும். சென்னையின் ஈரக்காற்றில் கம்பளியைக் காப்பது பெரும்பாடு. எந்தச் சந்தர்ப்பத்துக்கு அதை எடுத்து உடுத்துவீர்கள் என்பதும் கேள்வி. இங்கேயே இருந்தாலும் அந்துப்பூச்சி சும்மா விடாது. அணிந்த பின் ஒரு நாள் காற்றாட விட்டு, தூசியைத் துலக்கி, கிளிப் போட்டுத் தொங்கவிட வேண்டும். துவைக்கும் இயந்திரத்தில் ஒருபோதும் போடக் கூடாது. சலவைக்குக் கொடுத்து வந்ததும் கொசுவங்களைப் பழைய இடத்தில் ஓட்டுத்தையல் போட்டுப் பிடித்துக்கொண்டுதான் இஸ்திரி போட வேண்டும். அவசரத்தில் வெறுமனே தேய்த்து எடுத்தால் 27 கொசுவமும் 27 திசைக்குப் போகும்.

உங்கள் நிலையில் நான் இருந்தால் இந்தத் திருமணத்துக்கு வாடகைக்கே எடுப்பேன். ஜாக்கெட், கில்ட்டின் முன்னால் தொங்கும் ஸ்போரன் பை, காலுறை, காலணி என்று முழு உடையும் ஏறத்தாழ 80 முதல் 150 பவுண்டுக்குள் கிடைக்கும். இங்கே மாப்பிள்ளையே பல நேரம் வாடகை உடையில்தான் நிற்கிறார், அதில் யாருக்கும் இழுக்கில்லை. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. தோழர்கள் அனைவரும் ஒரே டார்ட்டன் அணிய வேண்டும் என்று நண்பர் முடிவு செய்திருக்கலாம்; அவருடைய குடும்ப டார்ட்டனில் நீங்கள் 750 பவுண்டுக்குத் தைத்துக்கொண்டால், பிறகு ஆயுள் முழுக்க அவருடைய குடும்பக் கட்டத்தைத்தான் சுமக்க வேண்டும். முதலில் அவரிடம் கேளுங்கள்.

வாடகைக்கு எடுத்து ஒரு நாள் முழுக்க நின்று, உட்கார்ந்து, நடனமாடிப் பார்த்த பிறகும் ஆசை அடங்கவில்லை என்றால், அடுத்த படி பழைய கில்ட். வாடகைக் கடைகள் கழித்துவிடும் கில்ட்டுகளும், பட்டாளத்துப் பழைய கில்ட்டுகளும், இறந்தவர்களின் அலமாரியிலிருந்து வருபவையும் 200 பவுண்டுக்குள்ளேயே கிடைக்கின்றன. கையால் தைத்த 16 அவுன்ஸ் கில்ட் ஒன்று அந்த விலைக்குக் கிடைத்து, இடை அளவு ஓர் அங்குல வித்தியாசத்துக்குள் இருந்து, நீளமும் பொருந்தினால், யோசிக்காமல் வாங்குங்கள். இந்தச் சந்தையில் கொடுத்த காசுக்கு மேல் பொருள் கிடைப்பது இங்கே மட்டும்தான். வாங்குமுன் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அந்துப்பூச்சி அரித்த ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். நான்கு கெஜத்தில் அகலமான பெட்டிக் கொசுவம் வைத்துத் தைத்த கில்ட் இன்னொரு வழி. துணியும் உழைப்பும் குறைவு என்பதால் விலையும் குறையும், வரலாற்றின்படி பார்த்தால் எட்டு கெஜத்தைவிடப் பழைய முறையும் அதுதான்.

தமிழன் கில்ட் அணியலாமா என்ற தயக்கம் கேள்வியில் மறைந்திருப்பதாகப் படுகிறது. தாராளமாக அணியலாம். இன்னார்தான் இன்ன டார்ட்டனை அணிய வேண்டும் என்று சட்டம் ஏதும் இல்லை. பால்மோரல் போல அரச குடும்பத்துக்கென ஒதுக்கிய மிகச் சிலவற்றை விலக்கினால் போதும். குலப்பெயர் ஒட்டாத டார்ட்டன் வேண்டுமானால் பிளாக் வாட்ச் யார் இடுப்பிலும் பொருந்தும். நீங்கள் வாழும் ஊர் அல்லது மாவட்டத்துக்குரிய டார்ட்டன்களும் உண்டு. 2009 முதல் இயங்கும் ஸ்காட்லாந்து அரசின் டார்ட்டன் பதிவேட்டில் ஊர்ப் பெயரைத் தேடிப் பார்க்கலாம்.

ஒருநாள் புதிதாகவே தைக்க முடிவு செய்தால், காசைக் கில்ட்டில் போடுங்கள், மற்றதில் சிக்கனம் பிடியுங்கள். ஜாக்கெட்டையும் ஸ்போரனையும் பழையதாக வாங்கினால் யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. எல்லாவற்றையும் புதிதாக வாங்கினால் மொத்தச் செலவு ஆயிரம் பவுண்டைத் தாண்டிவிடும். அப்போது சிலர் செய்யும் தவறு, வெள்ளி வேலைப்பாடு உள்ள ஸ்போரனுக்கு 300 பவுண்டு கொடுத்துவிட்டு, கில்ட்டில் மிச்சம் பிடிப்பது.

கடையில் பார்க்க வேண்டியவற்றுக்கு அரை மணி போதும். துணியைப் புரட்டுங்கள்; நெய்த டார்ட்டனில் கட்டங்கள் இருபுறமும் ஒரே அழுத்தத்தில் தெரியும், அச்சிட்டதில் பின்புறம் வெளிறியிருக்கும். அடி ஓரத்தில் மடிப்புத் தையல் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். பின்பக்கத்தைக் கண்மட்டத்துக்கு உயர்த்திக் குறுக்குக் கோடு ஒன்றைப் பிடித்துக்கொண்டு இடமிருந்து வலமாக ஓட்டிப் பாருங்கள். கோடு படியேறினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். துணி எத்தனை அவுன்ஸ், எந்த ஆலை, கொசுவம் கைத்தையலா இயந்திரமா, உள்ளே கேன்வாஸ் உண்டா, பின்னாளில் தளர்த்த எவ்வளவு துணி விடுவீர்கள் என்று கேளுங்கள். நல்ல கில்ட்காரர் இந்தக் கேள்விகளுக்கு மகிழ்ந்துபோய், தைத்துக்கொண்டிருக்கும் ஒன்றையே எடுத்துவந்து உள்ளே திறந்து காட்டுவார். இரண்டு மூன்று மாதம் ஆகும் என்றும் சொல்வார். அடுத்த வாரமே தருகிறேன் என்பவரிடம் தைப்பவர் யார், எங்கே என்று கேட்டுக்கொள்ளுங்கள். கால்சட்டை அளவை மட்டும் சொல்லிவிடாதீர்கள். கில்ட் தொப்புள் மட்டத்தில் நிற்பது. 32 அங்குலக் கால்சட்டை போடும் நம்மவர் பலருக்கு அந்த இடத்தில் டேப் 35 காட்டும், வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு அளவு கொடுத்தால் திருமண விருந்தில் மூச்சு முட்டும்.